புங்கன் அடிமரத்தில் ஒரு சம்பந்தம்

அந்த ஆளை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். நடந்ததைக் கேட்கிறவர்கள் எல்லாம் கடைசியில், "அதான் நல்லபடியா முடிஞ்சுதே, விடுங்கக்கா" என்கிறார்கள். விடுவதற்கு என்ன இருக்கிறது? எனக்கு வயிறு இன்னும் எரிகிறது. எரியட்டும் என்றுதான் வைத்திருக்கிறேன்.

நான் எருத்தேன்பதிப் பக்கத்துப் பெண். வாக்கப்பட்டது மலைக்கு. சூரியநெல்லிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்தார். தோட்டக்காட்டு ஆளுக்கா பெண் கொடுப்பது என்று என் சொந்தக்காரர்கள் குதித்த குதி தனிக் கதை, அதை இங்கே இழுக்கவில்லை. வேலை முடிந்தால் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அவருக்கென்று திரும்பிப் போக ஓர் ஊர் கிடையாது. அவருடைய தாத்தா திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறி வந்தவர் என்பதோடு சரி, எந்த ஊர் என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது. "எங்க ஊர்ப் பக்கம் போயிரலாமுங்க" என்று நான் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவில் ஒரு சின்ன டவுனின் ஓரத்தில், புதிதாக வந்த காலனியில் வீடு வாங்கினோம்.

சித்திரையிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிந்த மனிதர். கீழே இறங்கி வந்த முதல் பங்குனியிலேயே சுருண்டுவிட்டார். "இந்தா பிள்ள, இது வெயிலா, இல்ல ஃபேக்டரி டிரையரத் திறந்து விட்டிருக்கானா?" என்று கேட்டார். ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பார். ஆனால் என்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. குறை சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அடுத்த வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சு குழறியது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்து அனுப்பினார்கள். "தினமும் நடக்க வையுங்க. நடந்தாத்தான் கால் திரும்பும். படுத்தா படுத்ததுதான்" என்று டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேர் பிழைப்பும் அந்த நடையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் வாசலில் புறப்பட்டால், அவருக்குக் கால் சோர்ந்து இனி முடியாது என்கிற இடத்தில் ஒரு புங்கன் நின்றது. காலனிக்குப் பொதுவாக விட்ட இடம் அது. பார்க் என்று போர்டு வைத்திருந்தார்கள். துருப்பிடித்த ஊஞ்சல், ஒரு சிமெண்டு பெஞ்சு, அந்தப் புங்கன், அவ்வளவுதான் பார்க். மரத்தை யாரும் நட்டதில்லை. காலனி வருவதற்கு முன்னால் வாய்க்கால் கரையில் தானாக முளைத்த மரம். பொழுதோட வெயில் கொஞ்சம் தாழ்ந்ததும் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போவேன். பெஞ்சில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு, அந்தத் தெம்பில் வீடு திரும்புவார். பூக்கிற காலத்தில் புங்கம்பூ பொரி இறைத்த மாதிரி பெஞ்சு முழுக்கக் கிடக்கும். அவர் தலையிலும் விழும். நான் தட்டிவிடப் போனால், "கெடக்கட்டும் பிள்ள" என்பார்.

அந்தப் பூதான் வினையாக வந்து முடிந்தது.

பார்க்குக்கு எதிர் வீட்டில் காலனித் தலைவர் இருந்தார். முதலமடையில் மாந்தோப்பு உள்ளவர். டவுனில் வீடு கட்டி வந்து, வந்த சூட்டோடு காலனி அசோசியேஷனுக்குத் தலைவரும் ஆனவர். மைக் கையில் கிடைத்தால் தரமாட்டார். அவர் வெள்ளைக் கார் ஒன்று வாங்கினார். வீட்டுக்குள் காரை விட இடமிருந்தும், ஊரார் கண்ணில் படட்டும் என்று வெளியே புங்கன் அடியில்தான் நிறுத்துவார். நிழலும் வேண்டும், பூ மட்டும் விழக்கூடாது. காலையில் துணி எடுத்துத் துடைத்துக்கொண்டே மரத்தை அண்ணாந்து பார்த்து முணுமுணுப்பார். நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் மறுபடி காட்டுவதற்காக என் வீட்டுக்காரரைக் கோயமுத்தூர் கூட்டிப் போய், என் தங்கை வீட்டில் சில நாள் தங்கினோம். டாக்ஸியில் திரும்பி வந்தபோது காலனி முக்கில் வண்டி திரும்பியதும் அவர்தான் முதலில் கவனித்தார். டிரைவர் தோளைத் தட்டி, "வழி மாறிட்டீரு" என்றார். குழறல்தான், ஆனால் எனக்குப் புரிந்தது. நான் வெளியே பார்த்தேன். புங்கன் இருந்த இடத்தில் வெறும் வானம் இருந்தது. முட்டி உயரத்துக்கு ஓர் அடிமரம். மரம் சாய்ந்ததில் பெஞ்சும் இரண்டாக உடைந்து கிடந்தது.

வண்டிக்காரனை அனுப்பிவிட்டு, அவரைப் படுக்க வைத்துவிட்டு, செருப்பைக்கூட மாற்றாமல் தலைவர் வீட்டுக்குப் போனேன். காரைப் பைப் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, மரத்த எதுக்குங்க வெட்டிப்போட்டீங்க?"

"பாம்பு வருதுன்னு அல்லாரும் சொன்னாங்க அம்மிணி. அந்த எடத்துல புல்லுத்தரை போடறோமுங்க. போட்டோவுல பாத்தீங்கன்னா வெளிநாடு மாதிரி இருக்குமுங்க."

"எங்க ஊட்டுக்காரரு பொழுதோட அங்கதானுங்க வந்து உக்காருவாரு. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

தெரியாமலா இருக்கும். தினமும் இவர் வாசலைத் தாண்டித்தானே போகிறோம். பைப்பை நிறுத்தாமலே சொன்னார்.

"நெழலு வேணுமுன்னா ஒரு கொடை வாங்கிக் குடுங்க அம்மிணி."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஏதோ நல்ல யோசனை சொன்னவர் போல. திரும்பி நடந்தேன். இந்த வார்த்தையை உன் வாயிலேயே திணிக்காமல் விடமாட்டேன் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். எப்படி என்று தெரியாது. ஆனால் விடமாட்டேன்.

மரம் போன பிறகு என் வீட்டுக்காரர் நடக்கவில்லை. குடை பிடித்தும் கூட்டிப் போய்ப் பார்த்தேன், உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு கையால் அவரைத் தாங்கி, மறு கையால் குடை பிடித்து, அந்த இடம் போய்ச் சேர்ந்தால் உட்கார ஒன்றுமில்லை. கீழே காய்ந்த தரையிலிருந்து அனல் முகத்தில் அடிக்கிறது. மறுநாள் கூப்பிட்டபோது, "வேண்டாம் பிள்ள" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கால் நாளுக்கு நாள் மெலிந்தது. நான் வீட்டுக்குள்ளேயே கூடத்துக்கும் சமையலறைக்கும் நடக்க வைத்தேன். அது நடையா? ஜன்னல் வழியாக அந்த மொட்டை அடிமரத்தைப் பார்க்கும்போதெல்லாம் தலைவரின் தலைமுறைக்கே சாபம் விட்டேன். அரிசி களையும்போது விட்டேன், துணி காயப்போடும்போது விட்டேன். வெள்ளிக்கிழமை சாமி கும்பிடும்போது மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

பழி வாங்க நான் முதலில் செய்தது படு முட்டாள்தனம். புல்லுத்தரை போட்டு, தண்ணீர் விட்டு, அது பச்சை பிடித்து வந்தது. பார்க் ஓரத்து ரோட்டில் தினமும் ஓர் ஆட்டுக்காரர் வெள்ளாடுகளை ஓட்டிப் போவார். ஒருநாள் மதியம் பார்க் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு நல்லபிள்ளையாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டேன். ஆடுகள் மொத்தமும் உள்ளே போய்விட்டன. புல் போயிற்று. கூடவே, நான் யாருக்கும் தெரியாமல் அடிமரத்துக்குப் பக்கத்தில் நட்டு வைத்திருந்த புங்கன் கன்றும் போயிற்று. ஆட்டுக்கு அதுதான் முதலில் ருசித்திருக்கும். தலைவர் புதிதாகப் புல் போட்டார், கேட்டுக்குப் பூட்டும் போட்டார்.

சுற்றுச்சூழல் தினம் வந்தது. தலைவர் நர்சரியிலிருந்து கன்றுகள் கொண்டுவந்து, கவுன்சிலரைக் கூப்பிட்டு, வரிசையாக நட வைத்து, போட்டோ எடுத்துக் காலனி குரூப்பில் போட்டார். ஒரு மரம் போனால் ஒன்பது வைப்போம் என்று மைக்கில் முழங்கினார். நட்டதோடு சரி. மார்கழியிலிருந்து வீசுகிற காய்ந்த கிழக்குக் காற்றில் கன்றெல்லாம் குச்சியாகின. புல்லும் வைக்கோல் நிறத்துக்கு வந்தது. எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்தான். ஆனால் புல் காய்ந்தால் என் வீட்டுக்காரர் நடந்துவிடுவாரா?

அடிமரத்தை மட்டும் தலைவர் அப்படியே விட்டிருந்தார். மறுபடி துளிர்க்கக் கூடாது என்று மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிட்டார். பெயர்த்தெடுக்க மிஷின் வாடகை கேட்டார்கள் என்று அதோடு விட்டுவிட்டார். உச்சி கருகி, நடுவில் வெடித்து அது நின்றது. சுற்றிலும் உட்கார வேறு இடமில்லாததால் காக்கையும் மைனாவும் அதன் மேல்தான் வந்து உட்காரும். வேப்பம்பழத்தையும் அரசம்பழத்தையும் எங்கெங்கோ தின்றுவிட்டு வந்து, அங்கே எச்சமிட்டுவிட்டுப் போகும். பார்க்கவே அசிங்கமாக இருக்கும்.

ஜூன் மாதம் இடவப்பாதி மழை பெய்து புல்லும் பூண்டும் மண்டினால், காடு வெட்டுகிற மிஷினோடு ஓர் ஆள் வருவார். பாலக்காட்டு டவுன் பக்கத்து மலையாளத்துக்காரர். தோளில் மிஷினை மாட்டிக்கொண்டு தரையோடு தரையாகச் சீவிவிட்டுப் போவார். தானாக முளைத்த எந்தக் கன்றும் அவரிடமிருந்து தப்பியதில்லை. அந்த வருஷம் அவர் அடிமரத்தைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் வெட்டாமல் விட்டிருந்தார். காப்பி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஏன் என்று கேட்டேன்.

"குற்றியில தட்டினா பிளேடு போகும் சேச்சி" என்றார். குற்றி என்றால் அவர்கள் பாஷையில் அடிமரம்.

அவர் போன பிறகு அந்த வட்டத்துக்குள் குனிந்து பார்த்தேன். புல்லுக்கு நடுவில், பழைய மரம் முன்னமே உதிர்த்திருந்த காயிலிருந்து இரண்டு புங்கன் கன்றுகள். ஒரு நாவல். அடிமரத்தை ஒட்டினாற்போல, இளஞ்சிவப்புத் தளிரோடு முட்டி உயரத்துக்கு ஒரு வேம்பு. வேம்பைத் தொட்டுக்கொண்டு, அடிமரத்து வெடிப்பிலிருந்து ஓர் அரசு. இலை வால் நீட்டிக்கொண்டு காற்றில் ஆடியது. தலைவர் வெட்டினார், தலைவர் கொளுத்தினார், தலைவர் காசு மிச்சம் பிடித்து அடிமரத்தை விட்டார். அந்த அடிமரமே இதுகளைக் கொண்டுவந்து, இதுகளுக்குக் காவலும் நின்றிருக்கிறது. நான் அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது.

எங்கள் பக்கத்தில் அரசும் வேம்பும் ஒரே இடத்தில் தானாகச் சேர்ந்து முளைத்தால் அது சாமி செயல். அதுகளுக்குக் கல்யாணம் பண்ணி வைப்போம். அரசு மாப்பிள்ளை, வேம்பு பெண். சும்மா மஞ்சள் கயிறு கட்டிவிட்டுப் போகிற கல்யாணம் இல்லை. மாப்பிள்ளைக்குத் தாய் தகப்பனாக ஒரு குடும்பம் நிற்கும், பெண்ணுக்கு ஒரு குடும்பம் நிற்கும். பத்திரிகை உண்டு, சீர் உண்டு, பந்தி உண்டு. நின்றவர்கள் அன்றிலிருந்து சம்பந்திகள்தான், சாகும் வரைக்கும். தகப்பனாக நின்றவன் அந்த மரத்தில் கத்தி வைக்க முடியாது. வைத்தால் ஊர் சும்மா விடாது.

தலைவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகன் இருந்தான். நாலு இடத்தில் ஜாதகம் பொருந்தி வந்து, நாலும் ஏதேதோ காரணத்தில் தட்டிப்போயிருந்தது. தலைவர் மனைவி அந்தக் கவலையில் கோயில் கோயிலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். பேசி முடித்த ஒரு சம்பந்தத்தை, அது மரத்தின் சம்பந்தமாகவே இருந்தாலும், முறிக்க அந்த வீட்டில் யாருக்கும் துணிச்சல் வராது. அதையும் கணக்கில் வைத்துக்கொண்டுதான் நான் இறங்கினேன். எனக்கு இரக்கம் வரவில்லை.

காலனி ஓண விழா வந்தது. ஓணச் சாப்பாடெல்லாம் முடிந்து, எல்லாரும் பாயசக் கப்போடு உட்கார்ந்திருந்தபோது மேடைக்குப் போய் மைக்கைக் கேட்டேன். நான் மைக் பிடிப்பது அதுதான் முதல் தடவை.

"அல்லாருக்கும் ஒரு நல்ல சேதிங்க. நம்ம பார்க்குல அரசும் வேம்பும் ஒண்ணா மொளச்சிருக்குதுங்க. நம்ம தலைவரு காலத்துல வந்த பாக்கியமுங்க இது. அதனால அவருதான் மாப்பிள்ளைக்கு அப்பாவா நிக்கோணும். பொண்ணு சைடு நாங்க நின்னுக்கறோமுங்க."

கைதட்டல் ஓயவில்லை. தலைவர் மனைவி கண்ணை மூடிக் கும்பிட்டார். தலைவர் எழுந்து வந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கி, இந்த எளியவனுக்கு இது பெரும்பேறு என்று ஆரம்பித்து ரொம்ப நேரம் பேசினார். உங்கள் முன்னிலையில் வாக்குக் கொடுக்கிறேன் என்றார். அந்த வார்த்தைக்காகத்தான் நான் காத்துக்கொண்டிருந்தேன். கீழே இறங்கியதும் என்னிடம் கேட்டார்.

"எங்கீங்க அம்மிணி மொளச்சிருக்குது? கெணத்து மூலையிலீங்களா?"

"இல்லீங்க. நீங்க வெட்டுன புங்கன் அடியிலீங்க."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வாயிலிருந்த பாயசத்தை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

சும்மா விட்டால் நழுவிவிடுவார் என்று தெரியும். மறு வெள்ளிக்கிழமையே மாரியம்மன் கோயில் பூசாரியைக் கூட்டி வந்துவிட்டேன். அவர் கன்றுகளைப் பார்த்துவிட்டு, "கலியாணத்துக்கு இன்னும் ரண்டு மூணு வருசம் போகோணுமுங்க. ரெண்டும் ஆளு ஒசரத்துக்கு வரட்டும்" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், "ஆமாங்க, இப்பப் பண்ணுனா போலீசு வந்து புடிச்சுட்டுப் போயிருமுங்க" என்று கிண்டலடித்தார். இரண்டு மூன்று வருஷத்தில் மிஷின்காரர் எத்தனை தடவை வருவார்? நான் விடவில்லை.

"கலியாணம் அப்பறம் பண்ணிக்கலாமுங்க. இப்ப உப்புச்சக்கரை மாத்திக்கலாமுங்களா?" என்றேன்.

உப்புச்சக்கரை என்பது எங்கள் பக்கத்து நிச்சயம். இரண்டு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் தாம்பாளத்தில் வைத்து மாற்றிக்கொள்வது. மாற்றிவிட்டால் பேச்சு மாறக்கூடாது. பூசாரி தாராளமாகச் செய்யலாம் என்றார். தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் மனைவி அதற்குள் தாம்பாளம் எடுக்க வீட்டுக்குள் போய்விட்டார்.

பெண் வீட்டார் தம்பதியாக நிற்க வேண்டும். நான் வீட்டுக்கு வந்து அவரை எழுப்பினேன்.

"வாங்க. உங்க பொண்ணுக்கு நிச்சயம்."

விஷயத்தை முழுசாகச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வாய் ஒரு பக்கமாகக் கோணச் சிரித்து, "சண்டாளி" என்றார். எத்தனை மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து தெளிவாக வந்த வார்த்தை அது. வேட்டி மாற்றிவிட்டேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு, வழியில் மூன்று இடத்தில் நின்று, அடிமரம் வரைக்கும் நடந்து வந்தார். தாம்பாளம் மாற்றும்போது தலைவர் கண்ணை அவர் நேருக்கு நேராகப் பார்த்தார். தலைவர்தான் கீழே பார்த்துக்கொண்டார்.

மறு வாரமே தலைவர் தனியாக வந்தார். "அம்மிணி, செடிய அலுங்காம எடுத்துக் கெணத்து மூலைல வெச்சுப்போடலாமுங்களா? அங்க எடமும் தாராளமுங்க."

"வெச்சுப்போடலாமுங்க. உப்புச்சக்கரை மாத்துன பொண்ண மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களே வேரோட புடுங்குனாங்கன்னு நாளைக்கு யாராச்சும் பேசுவாங்க. நீங்க பையனுக்குப் பொண்ணு பாத்துட்டு இருக்கற நேரமுங்க. உங்களுக்குப் பரவால்லீன்னா எனக்கு ஒண்ணுமில்லீங்க."

எழுந்து போனவர் அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை. அடிமரத்தைச் சுற்றிக் கல் நட்டு, மஞ்சள் துணி கட்டி, மிஷின் உள்ளே வரக்கூடாது என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். காரை வீட்டுக்குள் விட்டார். காக்கை உட்கார்ந்து காரில் எச்சமிட்டால் அவருக்கு ஆகாது, மாப்பிள்ளையின் தகப்பனாருக்குக் காக்கையை விரட்டவும் முடியாது. கோடையில் அவரே குடம் எடுத்து வந்து தண்ணீர் ஊற்றுவதை ஜன்னலில் நின்று பார்ப்பேன். அதைப் பார்த்துக்கொண்டே காப்பி குடித்தால் தனி ருசி. கல்லுக்கு உள்ளே மிஷின் போகாததால் புங்கன் கன்று இரண்டும் நாவலும் கூடவே எழுந்தன. எங்கிருந்தோ ஓர் இலந்தையும் வந்து சேர்ந்தது. நர்சரியிலிருந்து வந்த ஒன்றுகூட அந்தப் பார்க்கில் இன்று இல்லை.

ஆனால் எல்லாம் நான் நினைத்தபடி நடந்ததா என்றால், இல்லை. உப்புச்சக்கரை மாற்றிய அடுத்த தை மாதமே தலைவர் மகனுக்குப் பெண் அமைந்துவிட்டது. நல்ல இடம், நல்ல பெண். எல்லாம் அந்த அரசு வேம்பு கொடுத்தது என்று குடும்பமே மரத்தடியில் விழுந்து கும்பிட்டது. நான் பழி வாங்கக் கிளம்பி, அவருக்கு மருமகளைத் தேடிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை எனக்கு. தலைவரோ மனசார மாறிவிட்டார். சம்மந்தி, சம்மந்தி என்று ஜிலேபிப் பொட்டலத்தோடு வீட்டுக்கே வர ஆரம்பித்தார். சம்பந்தி வந்தால் வாசலில் நிறுத்தவா முடியும்? ஆடி வந்தால் பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர் போக வேண்டும். முறுக்குச் சுட்டுத் தட்டில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வீட்டுப் படியேறினேன்.

அதைவிடக் கொடுமை, என் வீட்டுக்காரருக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. தலைவர் கட்டிலோரம் உட்கார்ந்து மாங்காய் விலை பேசுவார். இவர் ஃபேக்டரிக் கதையைக் குழறிக் குழறிச் சொல்வார். தலைவர் பொறுமையாகக் கேட்பார். "நல்ல மனுசன் பிள்ள" என்று இவர் ஒருநாள் என்னிடமே சொன்னார். நான் தலைவருக்கு மட்டும் டீயில் சர்க்கரை போடாமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, "சர்க்கரை இல்லாமக் குடிக்கறது ஒடம்புக்கு நல்லதுங்க சம்மந்தி" என்றார். என்னத்தைச் சொல்ல.

கல்யாணம் போன தை மாதம் நடந்தது. வேம்பு ஆள் உயரத்தைத் தாண்டி எழுந்திருந்தது. அரசு அதைவிட ஒரு முழம் கூட. பத்திரிகையில் மாப்பிள்ளையின் தகப்பனார் என்று தலைவர் பெயர் கொட்டை எழுத்தில். வேம்புக்குப் பட்டுப் பாவாடை சுற்றி, அரசுக்கு வேட்டி கட்டி, பூசாரி மஞ்சள் கயிறு கட்டினார். காலனியே வந்து சாப்பிட்டுப் போயிற்று. "பொண்ணு நல்லா வளத்தி" என்று என்னிடம் சொன்னவர்களுக்கெல்லாம் நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

பங்குனி வந்தது. வேம்பு கொழுந்து விட்டு அடர்ந்தது. ஒருநாள் பொழுதோட ஜன்னலில் பார்த்தேன். அடிமரத்துக்குக் கிழக்கே தரையில் ஒரு நிழல் விழுந்திருந்தது. பெரிதில்லை. ஒரு நாற்காலி போடலாம். நான் ஓடிப்போய் என் வீட்டுக்காரரை எழுப்பினேன். ஒரு கையால் அவரைத் தாங்கினேன், மறு கையில் பிளாஸ்டிக் நாற்காலி. பழைய இடம்தான், பழைய தூரம்தான். வழியில் ஒரு தரம் மட்டும் நின்றார். நாற்காலியை நிழலுக்குள் சரியாகப் போட்டு உட்கார வைத்தேன். முகத்தில் வெயில் இல்லை. தலை மேல் வேப்பம்பூ இரண்டு விழுந்தது. அவர் கையைத் தூக்கி வேம்பின் அடியைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார்.

இப்போது தினமும் போகிறோம். கால் கொஞ்சம் திரும்பியிருக்கிறது என்று டாக்டரும் சொல்கிறார். எங்களைப் பார்த்துவிட்டால் தலைவரும் எதிர் வீட்டிலிருந்து வந்துவிடுவார். நிழல் ஒரு நாற்காலிக்குத்தான். அவர் வெளியே வெயிலில் நின்றுகொண்டேதான் பேச வேண்டும். கதை கேட்கிற ஆசையில் நிற்பார். வழுக்கைத் தலையில் வேர்வை ஓடும், துண்டால் துடைத்துக்கொள்வார்.

போன வாரம் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"சம்மந்தி, இந்தப் பக்கம் எனக்கும் ஒரு சேரு போடக்கூடாதுங்களா? வெய்யலு மண்டையப் பொளக்குதுங்க."

"இது எங்க பொண்ணோட நெழலுங்க. இன்னும் அவ்வளவு பெருசாகலீங்களே" என்றேன்.

"அப்ப நான் என்ன பண்றதுங்க?"

இத்தனை வருஷமாக நாக்கு நுனியிலேயே வைத்திருந்தேன்.

"நெழலு வேணுமுன்னா ஒரு கொடை வாங்கிக்குங்க சம்மந்தி."

அவருக்கு உடனே பிடிபடவில்லை. பிடிபட்டபோது துண்டை வைத்திருந்த கை தலையிலேயே நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் நாற்காலியில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், வாய் கோணி, கண்ணில் தண்ணீர் வர. தலைவர் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் பொழுதோட குடையோடு வந்து நின்றார். நான் நாற்காலி கொடுக்கவில்லை.